சிதம்பரத்தில் வானை அளந்த காந்தம்

சிதம்பரம்னா நமக்கு நடராஜர் கோயில், கத்தரிக்காய் கொஸ்து, பிச்சாவரம் ஞாபகம் வரும். அண்ணாமலைநகரில் ஒரு புவிகாந்த ஆய்வகம் இருந்தது என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

1741-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் செல்சியஸும் ஹியார்ட்டரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். வானில் துருவ ஒளி தெரியும்போதெல்லாம் காந்த ஊசி ஆடுகிறது! உயரே ஓடும் மின்னோட்டத்தைத் தரையில் இருந்தே அறியலாம் என்பதற்கு அதுதான் தொடக்கம்.

நம்ம ஊர் வானில் அந்த ஒளி கிடையாது. ஆனால் காந்த நடுக்கோட்டை ஒட்டி, சுமார் 105 கி.மீ. உயரத்தில், பகலில் பலமான மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. அதற்கு நடுக்கோட்டு மின்தாரை என்று பெயர். 1957-ல் சர்வதேச புவி பௌதிக ஆண்டு தொடங்கியபோது, இதை ஆராய நம் நாட்டில் புதிதாக இரண்டு இடங்களில் ஆய்வகம் அமைத்தார்கள். ஒன்று திருவனந்தபுரம், மற்றொன்று அண்ணாமலைநகர். திருவனந்தபுரம் மின்தாரையின் நடுவில். நம்ம ஊர் அதன் ஓரத்தில். பம்பாய் பக்கத்து அலிபாக் அதற்கு வெளியே. மூன்றையும் ஒப்பிட்டால் மின்தாரையின் பலமும் அகலமும் கிடைத்துவிடும். தும்பாவில் முதல் ராக்கெட் பறந்தது 1963-ல்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கருவி என்னவோ எளிமையானதுதான். மெல்லிய இழையில் தொங்கும் சிறு காந்தம், அதில் ஒரு கண்ணாடி. விளக்கொளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மெதுவாகச் சுழலும் உருளையில் சுற்றிய போட்டோ காகிதத்தில் கோடு போடும். இருட்டு அறை, கட்டடத்தில் இரும்பு ஆணி கூடக் கூடாது. சுமார் 40,000 நானோடெஸ்லா புலத்தில் சில நானோடெஸ்லா மாற்றத்தையும் பிடிக்க வேண்டுமே!

இந்தக் கோடுகளால் என்ன பயன்னு கேட்கலாம். 1859 செப்டம்பரில் பெரும் சூரியப் புயல் வந்தபோது, பம்பாய் கொலாபா ஆய்வகத்தார் ஊசியைப் பார்த்துப் பார்த்துக் கணக்கு எழுதி வைத்தார்கள். 2003-ல் விஞ்ஞானிகள் அதைத் தேடி எடுத்துத்தான் புயலின் கடுமையைக் கணித்தார்கள். 1989 மார்ச்சில் அதைவிடச் சிறிய புயலுக்கே கனடாவின் கியூபெக் மாகாணம் 9 மணி நேரம் இருண்டது. பக்கத்தில் நெய்வேலியை வைத்திருக்கும் நமக்கு இது வெறும் பழங்கதை இல்லை.

அண்ணாமலைநகர் கருவி இன்று இயங்கவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களையோ, போய்ப் பார்த்த மூத்த மாணவர்களையோ தெரிந்தவர்கள் நம் சங்கத்துக்கு எழுதுங்கள். படிக்கிற தம்பி தங்கைகளே, பிராஜக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? அந்த நாள் கோடுகளை எடுத்துப் படியுங்கள். நம்ம ஊர் வானத்தின் சரித்திரம் அதில் இருக்கிறது.