பலகாரத் தட்டும் கடலையின் வரலாறும்

பண்டிகை என்பது உண்பதனால் மட்டும் ஆவதன்று, கொடுப்பதனாலும் ஆவது. தீபாவளி வந்துற்றால் நம்மவர் இல்லங்களில் அடுப்பேறும் பலகாரங்களில் ஒரு பங்கை வீட்டார் உண்பர்; மற்றொரு பங்கு தட்டில் வைத்துத் துணியால் மூடப்பெற்று அயலார் வாயிலுக்குச் செல்லும். இவ்வழக்கம் தொன்றுதொட்டு வருவது என்பர். ஆனால் அத்தட்டிலுள்ள பண்டங்கள் யாவும் தொன்றுதொட்டவைதாமா? அத்தட்டு எல்லா வாயிலுக்கும் சென்றதுண்டா? இவ்விரு வினாக்களையும் வரலாற்றின் துணைகொண்டு சிறிது ஆராய்வோம்.

நம் முன்னோர் பலகாரம் அறியாதவரல்லர். மதுரைக்காஞ்சி, அப்பம் விற்ற கூவியரைக் குறிப்பிடுகின்றது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழாப் பகுதியில் நோலை என்றொரு படையற் பண்டம் வருகின்றது. அதற்கு எள்ளுருண்டை என்று உரைகாரர் பொருள் கூறுவர். எள்ளுருண்டை பழையது, ஐயமில்லை. ஆனால் இன்று உருண்டை என்றதும் நம் நாவில் ஊறுவது கடலையுருண்டையன்றோ? பாயசம் என்றதும் நாம் தேடுவது முந்திரிப் பருப்பையன்றோ? இவ்விரண்டையும் சங்கப் புலவர் எவரும் கண்டதில்லை. இரண்டும் தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தவை.

வேர்க்கடலையின் தாயகம் ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்கே, இன்றைய பொலிவியா, ஆர்ஜெண்டீனா நாடுகள் அடுத்துள்ள பகுதியாகும். பெயரில் வேர் என்றிருப்பினும் அது வேரில் காய்ப்பதன்று. மேலே மலர்ந்த பூவின் காம்பு கீழ்நோக்கி நீண்டு, மண்ணுட் புகுந்து, ஆங்கே காயாகின்றது. பெரு நாட்டில் சிப்பான் என்னுமிடத்தில் 1987-ம் ஆண்டில் மோச்சே மரபினனான ஒரு தலைவனின் கல்லறை அகழ்ந்தெடுக்கப்பெற்றது. அவன் அணிகலன்களுள், வேர்க்கடலை வடிவிற் பொன்னாலும் வெள்ளியாலும் செய்த கழுத்துமாலை ஒன்றும் இருந்தது. நம்மவர் ஏழையின் தீனி என்று இகழும் பொருளை அங்கே ஆள்வோன் மார்பில் அணிந்தான்!

16-ம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியர் கப்பல்கள் இக்கடலையை உலகெங்கும் பரப்பின. போர்த்துக்கீசியர் அதனை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். 1565 முதல் 1815 வரை மெக்ஸிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. தமிழகத்தில் இதற்கு மணிலாக்கொட்டை என்று ஒரு பெயர் உண்டு. தென்னார்க்காட்டார் நாவில் அது மல்லாட்டை ஆயிற்று. வந்த வழியைப் பெயரே சொல்லிவிடுகின்றது. 19-ம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணெய்க்காகவும் சவர்க்காரத்திற்காகவும் பிரான்சு தேசத்து மார்சேய் நகருக்குச் சென்றது. அதே மாவட்டத்து மக்களும் கப்பலேறினர். அவர்கள் வந்திறங்கியது மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில்.

வட அமெரிக்காவுக்கோ இக்கடலை அடிமைக் கப்பல்களின் வழியே சேர்ந்தது. ஆங்கே அதன் பெருமையை உணர்த்தியவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமைத் தாய்க்குப் பிறந்த இக்கறுப்பர், அலபாமா மாகாணத்து டஸ்கீகி கல்விச்சாலையில் 1896-ம் ஆண்டு முதல் பணியாற்றினார். ஓயாத பருத்தி விளைச்சலால் நிலம் சாரமிழந்து, கறுப்பின உழவர் கடனில் மூழ்கியிருந்த காலம் அது. கடலைச் செடியின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கும். அதன் பருப்போ ஏழைக்குப் புலாலுக்கு நிகரான உணவாகும். இதனை அவர் வற்புறுத்தியதோடு நில்லாமல், கடலையைச் சமைக்க 105 வழிகளைத் தொகுத்து 1916-ம் ஆண்டில் சிறு நூலொன்று வெளியிட்டார். ஆராய்ச்சிச் சாலையிலிருந்து நேரே ஏழையின் அடுப்பங்கரைக்கு வந்த கல்வி அது. கல்வி என்பது அதுவன்றோ!

முந்திரியின் கதையும் இத்தகையதே. அதன் தாயகம் பிரேசில். போர்த்துக்கீசியர் 16-ம் நூற்றாண்டில் அதனைக் கோவாவிற் கொணர்ந்தனர். மலையாளத்தார் பறங்கிமாவு என்றே பெயரிட்டனர். மலாய் மொழியின் காஜுஸ் என்னும் சொல்லும் பிரேசில் நாட்டுப் பழங்குடியாரின் சொல்லிலிருந்து வந்ததே. தமிழரோ, திராட்சையைக் குறித்த முந்திரிகை என்னும் பழஞ்சொல்லை இப்புதிய கொட்டைக்கும் வழங்கினர். இதன் தோட்டில் தோலைச் சுடும் எண்ணெய் உண்டு. கொல்லத்திலும் பண்ருட்டியிலும் அத்தோட்டை உடைத்துப் பருப்பெடுப்போர் பெரும்பாலும் பெண்களே. பாயசத்தில் வெள்ளை வெளேரென மிதக்கும் பருப்பின் பின்னே அப்பெண்களின் புண்பட்ட விரல்கள் உள என்பதை உண்போர் மறத்தலாகாது.

இனி நம் நாட்டை நோக்குவோம். ஈப்போவின் புந்தோங் பகுதியில் கச்சாங் பூத்தே கிராமம் என்றே பெயர் பெற்ற தமிழர் குடியிருப்பு ஒன்று உண்டு. எட்டயபுரப் பக்கத்திலிருந்து வந்தோர் கடலையும் முறுக்கும் செய்து விற்று அதனை வளர்த்தனர். மலாய்க்காரர் நோன்புப் பெருநாளுக்குச் செய்யும் மக்மூர்ப் பலகாரம், நெய்யிற் பிசைந்த மாவினுள்ளே வறுத்த கடலைப்பொடியை வைத்துச் செய்வது. மக்மூர் என்பதற்கு வளம் என்று பொருள். சீனர் புத்தாண்டுக்குக் கடலை ரொட்டி செய்வர். சீனப் பெயரின் ஈற்றுச் சொல் பிறப்பு, வாழ்வு என்னும் பொருள்களைத் தருவதால் அதனை மங்கலம் எனக் கருதுவர். ஆகவே மூவினத்தாரும் பண்டிகைதோறும் ஒருவர்க்கொருவர் அளிப்பது ஒரே செடியின் விளைபொருள். அது மூவரில் எவர்க்கும் பரம்பரைச் சொத்தன்று.

இது நிற்க. தட்டு எல்லா வாயிலுக்கும் சென்றதா என்னும் இரண்டாம் வினாவுக்கு வருவோம்.

ஜாதி முறை, உணவைப் பச்சைப் பண்டம் என்றும் சமைத்த பண்டம் என்றும் இரு கூறாக்கியது. அரிசி, தேங்காய், ஓட்டோடு கூடிய கடலை ஆகியவற்றை உயர்ந்தோர் எனப்பட்டவர் எவர் கையிலிருந்தும் வாங்குவர். அதே கடலையைத் தாழ்த்தப்பட்டவர் இல்லத்தில் வறுத்து, வெல்லப் பாகிலிட்டு, உருட்டித் தந்தால் தீண்டார். கடலை மாறவில்லை; வெல்லமும் அதே கடையில் வாங்கியதே. மாறியது யாது? ஒரு மனிதனுடைய கை பட்டது. அவன் அடுப்பு எரிந்தது. அவன் நீர் கலந்தது. ஆகவே மறுக்கப்பட்டது பலகாரமன்று, மனிதனே.

இக்கொடுமையை எதிர்த்து அறிஞர் போராடியதும் உணவின் வாயிலாகவே. 1917-ம் ஆண்டில் செறாயி என்னும் ஊரில் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒருங்கே அமர்த்தி உண்பித்தார். புலையன் அய்யப்பன் என்னும் வசையைப் பட்டமாக ஏற்றார். சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமணச் சிறுவருக்குத் தனிப்பந்தி நடந்தது கண்டு 1925-ம் ஆண்டில் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளர்ச்சி செய்தனர். சென்னை மாகாணத்து ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கென ஒதுக்கிய தனியிடம் 1941-ம் ஆண்டில் ஒழிந்தது.

கடல் கடந்தால் ஜாதி கரையும் என்றனர், கரையவில்லை. கங்காணிகள் தத்தம் ஊராரையும் உறவினரையும் திரட்டிக் கொணர்ந்தமையால், பல தோட்டங்களில் லயங்களும் ஜாதிவாரியாகவே அமைந்தன. 1938-ம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தது; ஆனால் வந்துசேர்ந்த ஜாதியை எவரும் தடுக்கவில்லை. மலாய்க்காரர் வாயிலுக்கும் சீனர் வாயிலுக்கும் மகிழ்ந்து சென்ற தட்டு, அடுத்த லயத்துத் தமிழன் வாயிலுக்குச் செல்லத் தயங்கியதும் உண்டு. இதனினும் வெட்கத்துக்குரியது வேறு யாது?

இன்று பலகாரத்தைக் கடையில் வாங்கிப் பெட்டியோடு அனுப்புவது எளிதாயிற்று. அதிற் குற்றமில்லை. ஆனால் கடைப் பெட்டியை ஏற்பதனால் எவருடைய ஜாதி மனமும் சோதனைக்குள்ளாவதில்லை. வீட்டிற் செய்த உருண்டையை ஏற்பதே சோதனை. ஆதலின், தமிழன்பர்களே, இவ்வாண்டு கடலையுருண்டையை இல்லத்திலேயே செய்மின். பூசணம் பூத்த பருப்பை இரக்கமின்றி எறிமின். அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகும் என்பது 1960-ம் ஆண்டுக்குப் பின் ஐயமற விளங்கிவிட்டது. கடலை ஒவ்வாத உடலினரும் உளர், கேட்டறிந்து கொடுமின். பாகின் ஒரு துளியைத் தண்ணீரிலிட்டு உருட்டித் தட்டிற் போட்டால் ஓசை எழவேண்டும், அதுவே பதம். சுக்கும் ஏலமும் சேர்த்து, சூடாறுமுன் உருட்டுமின்.

செய்தபின் முதல் தட்டை, நும் பாட்டனார் எந்த வாயிலுக்கு அனுப்ப மறுத்தாரோ அந்த வாயிலுக்கு அனுப்புமின். அங்கிருந்து வரும் தட்டை வாங்கி, வந்தவர் கண்ணெதிரே, குழந்தைகளோடு அமர்ந்து உண்மின்.