269 பேரும் ஒரு சங்கமும்

மாநாட்டு மலர் என்றால் வாழ்த்துச் செய்தி, பொறுப்பாளர் படங்கள், வரவு செலவு என்று ஒரு வரிசை உண்டு. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் வரலாற்றை அந்த வரிசையில் சொன்னால் அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும். தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர் ஊருக்குள் நுழைந்தார்கள். கையில் கிடைத்தவர்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். குழந்தைகள் உட்பட நூறு பேருக்கு மேல் சேலம் சிறைக்குப் போனார்கள். ஆள் இல்லாத வீடுகள் சூறையாடப்பட்டன. தானியத்தில் கண்ணாடித் துண்டுகளைக் கலந்துவிட்டு, குடிக்கிற கிணற்றையும் பாழாக்கிவிட்டுத்தான் போனார்கள். திரும்பி வருகிறவன் அங்கே குடியிருக்கக் கூடாது என்று நினைத்துச் செய்த வேலை அது. சந்தனக் கட்டைக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

சங்கத்தின் தலைவர்களுக்குச் செய்தி எட்டியது ஜூலையில்தான். பெ. சண்முகமும் தோழர்களும் போய்ப் பார்த்தபோது ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. அரசோ, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். தேசிய தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து, மக்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அவரும் அரசு அதிகாரிதான் என்பதை மறக்கக் கூடாது. அப்படியும், சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட 1995 பிப்ரவரி ஆகிவிட்டது.

அதுவரை குற்றவாளிகளைக் காப்பாற்றியது எது? அரசு ஊழியருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு என்றதும் வக்கீல்கள் பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவைக் காட்டுவார்கள். பணிக் கடமையைச் செய்யும்போது நடந்த குற்றம் என்றால், அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். நேர்மையான அதிகாரியைப் பொய் வழக்கிலிருந்து காப்பாற்ற இப்படி ஒன்று தேவை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிரிவு காப்பாற்றுவது அரசின் ஒப்புதலின்றிப் பதவி நீக்க முடியாத நிலையில் இருப்பவர்களை. வனக் காவலருக்கும் கான்ஸ்டபிளுக்கும் அது தானாக வந்து சேராது. வாச்சாத்தியில் அவர்களுக்கும் அதே பாதுகாப்பு கிடைத்தது, எந்தப் பிரிவும் இல்லாமலே. சம்பவமே நடக்கவில்லை என்று மேலே இருப்பவர் சொல்லிவிட்டால் கீழே இருப்பவருக்கு அனுமதிக் கடிதம் எதற்கு?

அந்த மறுப்பை உடைக்கச் சங்கத்திடம் இருந்தது சாட்சிகள் மட்டும்தான். வழக்கு கோவையில் நடந்தது, கிருஷ்ணகிரிக்குப் போனது, கடைசியில் தருமபுரிக்கு வந்தது. கூலி வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், தங்களைச் சீரழித்தவர்கள் நிற்கிற அதே கூடத்தில் கூண்டேறிச் சொல்ல வேண்டும். வாய்தா விழுந்தால் மறுபடியும் போக வேண்டும். ஆசை காட்டியும் மிரட்டியும் பிரிக்கப் பார்க்கும் ஊரில் அவர்களைப் பல ஆண்டுகள் ஒன்றாக வைத்திருந்ததுதான் என் கணக்கில் சங்கத்தின் பெரிய வேலை. தீர்மானங்களும் ஆர்ப்பாட்டங்களும் அதற்கு அடுத்ததுதான்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். அவர்களில் 17 பேர் மீது வன்புணர்வுக் குற்றம் உறுதியானது. ஐ.எஃப்.எஸ். அதிகாரிகளும் தப்பவில்லை.

வீரப்பன் வேட்டைக் காலத்து அதிரடிப்படைக் கொடுமைகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவற்றை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. பாதிக்கப்பட்ட 89 பேருக்குத் தேசிய மனித உரிமை ஆணையம் இழப்பீடு தரச் சொன்னது. வாச்சாத்தி போல ஒரு தீர்ப்பு மட்டும் அவர்களுக்கு வரவில்லை. இழப்பீட்டை அரசு எளிதாகக் கொடுத்துவிடும். பொதுப் பணம்தானே.

சட்டமும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. வன்புணர்வு வழக்குகளுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று 197ஆம் பிரிவில் விளக்கம் சேர்ந்தது 2013இல். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 218ஆம் பிரிவு, அனுமதி கேட்ட 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்கிறது. கோப்பு தூங்குவதற்கு இனி ஒரு கெடு உண்டு. முதல் புகாரைப் பதிவு செய்யாமல் இழுத்தடிப்பதற்குத்தான் அந்தக் கெடு உதவாது.

வாச்சாத்திக் குற்றவாளிகளின் மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே வந்து பார்த்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் பாதியை வன்புணர்வுக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டார்.