மன்னார் முஸ்லிம்களின் குடும்ப வாழ்வு

மன்னார் முஸ்லிம்கள் இலங்கையின் வட மாகாணத்தில் எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி முதலிய இடங்களைச் சேர்ந்த தமிழ் பேசும் சமூகத்தினர். மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அங்கு குடிபோவதும் இவர்களின் வழக்கம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவினர் பலர் படகேறிப் புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். கொடுக்க வீடில்லாமல் போன பெற்றோர் பலர், புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் தொடங்கி, பின்னர் துண்டுக் காணி வாங்கிக் கல்வீடு கட்டி மகளுக்குக் கொடுத்தனர். 2009இல் போர் முடிந்தும் பலர் முழுதாகத் திரும்பாததற்கு இளையோரின் பற்றின்மையே காரணம் என்பாருண்டு. பள்ளிக்கூடமும் தொழிலும் அவர்களைப் புத்தளத்தில் நிறுத்துவது உண்மைதான். ஆனால் மகளின் வீடு அங்கும் தகப்பனின் காணி மன்னாரிலும் இருப்பதால், குடும்பம் இரண்டு ஊருக்கும் உரியதாகிறது. புது ஊரில் இக்குடும்பங்களை வேரூன்றச் செய்ததே பழைய சீதன வழக்கம் என்பதால், இம்மாற்றத்தை மரபின் சிதைவாகக் கருதுவது பொருந்தாது.