ரமண நகர் யாரால் வந்தது?

திருவண்ணாமலையில் ரமண நகர்ப் பக்கம் மனை விலை எட்டாத உயரத்துக்குப் போனதற்கு வெள்ளைக்காரர்களைக் கைகாட்டுவது ஊர் வழக்கம். பழைய கதையைப் பார்த்தால், அந்தக் குடியிருப்புக்கு வித்திட்டது டாலர் அல்ல, ஆசிரம விதி ஒன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. 1922இல் ரமணரின் தாயார் அழகம்மாள் மறைந்து மலையடிவாரத்தில் சமாதி வைக்கப்பட்டபின், ரமணர் மலைமேலிருந்த கந்தாசிரமத்திலிருந்து இறங்கிவந்து அங்கேயே தங்கினார். சமாதிமேல் போட்ட கொட்டகைதான் ரமணாசிரமமாக வளர்ந்தது. அன்று அது ஊருக்கு வெளியே, செங்கம் சாலையோரக் காட்டிடம்; 1924இல் திருடர்கள் புகுந்து ரமணரையே அடித்தார்கள். பெண்கள் இரவில் ஆசிரமத்துக்குள் தங்கக்கூடாது என்பது அங்கே விதி. ஆண் சாதுக்கள் தங்கப் பக்கத்தில் பலாக்கொத்து என்ற இடம் இருந்தது. குடும்பத்தோடு வந்தவர்களும் தனியாக வந்த பெண்களும் எங்கே போவார்கள்? 1941இல் வந்த பக்தை சூரி நாகம்மா போன்றவர்கள் வெளியே வீடு பார்த்துக் குடியிருந்துதான் தினமும் தரிசனத்துக்கு வந்தார்கள்.

ரமணரைப் பற்றிப் பேசி 1934இல் வெளிவந்த பால் பிரண்டனின் புத்தகம்தானே வெளிநாட்டாரை இழுத்து வந்தது என்று கேட்கலாம். இழுத்தது உண்மைதான். ஆனால் அடுத்த ஆண்டே வந்த ஆங்கிலேய பக்தர் மேஜர் சாட்விக் ஆசிரமத்துக்குள்ளேயே அறை கட்டிக்கொண்டார். வெளியே மனை தேட வேண்டிய தேவை அவருக்கு இல்லை. இன்னொரு ஆங்கிலேய பக்தரான ஆர்தர் ஆஸ்பர்ன் வீட்டுக் கதை வேறு. அவர் சயாமில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருக்க, மனைவியும் பிள்ளைகளும் அதற்கு முன்பே இங்கு வந்து குடியேறியிருந்தார்கள். வெளிநாட்டுக் குடித்தனமும் பெண்ணை முன்னிட்டே அமைந்தது.

இன்றைய விலைக்காவது வெளிநாட்டார் காரணமில்லையா? 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, சுற்றுலா விசாவில் வரும் வெளிநாட்டவர் இங்கே நிலம் கிரயம் வாங்க முடியாது; ஐந்து ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம், அவ்வளவுதான். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினர் வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. உள்ளூர்க்காரர் பெயரில் பத்திரம் போட்டுப் பிறகு தலையில் கைவைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. அதை உரிமை என்று எப்படிச் சொல்வது? பனிக்காலத்து வெளிநாட்டு வாடகையை நம்பி மாடி எழுப்பியவர்கள் ஏராளம், அந்த வாடகை மனை விலையையும் தூக்கியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வயல்களில் கல் நட்டுப் பிளாட் போட்டதை வாடகை மட்டும் விளக்காது. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் சேரத் தொடங்கியபின் சென்னை, பெங்களூரு, ஆந்திரப் பணம் அங்கே இறங்கியது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது தமிழகம் முழுவதற்கும்தான். ஆனால் தரகர் பேச்சில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் முதல் வார்த்தையானது அதற்குப் பிறகே. பட்டா, வில்லங்கம் பார்த்து வாங்க முடிந்தவர்கள் சமதளத்தைப் பிடித்துக்கொள்ள, வசதியில்லாதவர்களின் வீடுகள் மலைச்சரிவில் ஏறின. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்த வ.உ.சி. நகர் அப்படிப்பட்ட சரிவில்தான் இருக்கிறது.