மீரியபெத்தைப் பிள்ளைகள்: ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளி வரை

இலங்கையின் சட்டத் தமிழில் 'மகவேற்பு' என்றொரு சொல் உண்டு. பிறர் பெற்ற பிள்ளையை நீதிமன்றக் கட்டளையின் மூலம் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்வதை அது குறிக்கும். அழகான சொல்தான். ஆனால் ஊவாத் தோட்டங்களில் எவர் வாயிலிருந்தும் நான் அதைக் கேட்டதில்லை. அங்கே கேட்பது 'எடுத்து வளர்த்த பிள்ளை' என்பதே. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை ஹல்துமுல்லைப் பிரதேசத்தின் ஒரு தோட்டத்தில் கழிந்த ஓராண்டு நமக்குக் காட்டியது. அந்த ஆண்டைப் பற்றியும் அதற்குப் பின்னால் கிடக்கும் நெடிய வரலாற்றைப் பற்றியுமே இக்கட்டுரை.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகக் கிழக்கே வரும் வீதி மலையேறி ஹல்துமுல்லையை அடைகிறது. அங்கிருந்து பெரகலைச் சந்தியைக் கடந்து வெல்லவாயப் பக்கமாக இறங்கினால் கொஸ்லந்தை. இவ்வழியாகத் தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்கச் செல்வோர் அந்தச் சிறு நகரைக் கடந்தே செல்வர். அதற்கு மேலே மலைச்சரிவில் இருந்தது மீரியபெத்தைத் தோட்டம். 2014ஆம் ஆண்டு தீபாவளி ஒக்டோபர் 22ஆம் திகதி, புதன்கிழமை. சரியாக ஒரு வாரம் கழித்து, மறு புதன்கிழமை காலை ஏழரை மணியளவில், மலையின் ஒரு பகுதி பெயர்ந்து வந்து அங்கிருந்த லயங்களையும் கோயிலையும் மூடியது.

அந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடம் தொலைவில் இருந்ததால் பிள்ளைகளில் பலர் முன்னதாகவே புறப்பட்டுவிட்டனர். வீட்டிலிருந்தோர் புதைந்தனர், பாடசாலை சென்றோர் பிழைத்தனர். மாலையில் வீடு திரும்ப வேண்டிய பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, வீடிருந்த இடமும் இல்லை.

அந்தச் சரிவு ஆபத்தானது என்பது ஒருவருக்கும் தெரியாத இரகசியமல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என எச்சரித்திருந்தது. ஆனால் எங்கே அகற்றுவது? நிலம் தோட்டத்துடையது, லயமும் தோட்டத்துடையது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொந்தமென்று ஒரு பேர்ச் காணி இருக்கவில்லை.

முதல் நாட்களில் காணாமற்போனோர் தொகை நூறு என்றும் இருநூறு என்றும் உலகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. பின்னர் அது குறைந்துகொண்டே வந்து, நாற்பதுக்கும் உள்ளாக நின்றது. அதே நாட்களில் இன்னொரு எண்ணும் வெளிவந்தது. தாயையோ தந்தையையோ அல்லது இருவரையுமோ இழந்த பிள்ளைகள் 75 பேர் என்று மீட்புப் பணியில் இருந்த இராணுவ அதிகாரி ஒருவர் தெரிவித்தார். செய்தி நாடு கடந்து செல்லச் செல்ல, 'ஒருவரையோ இருவரையுமோ' என்ற சொற்கள் உதிர்ந்து, '75 அநாதைகள்' என்பதே எஞ்சியது. இறந்தோரின் மொத்தத் தொகையே நாற்பதுக்குள் இருக்கும்போது, அவ்வாறு முற்றாக அநாதையாகியோர் அதில் ஒரு சிறு பகுதியினராகவே இருக்க முடியும். ஆயினும் 'அநாதை' என்ற சொல்லுக்கு ஒரு வேகம் உண்டு. அச்சொல் எழுதப்பட்டவுடன் இல்லங்கள் நினைவுக்கு வருகின்றன, தத்தெடுப்போர் நினைவுக்கு வருகின்றனர். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே யார் இருக்கின்றனர் என்ற கேள்வி மட்டும் பின்தங்கிவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு விடை காணத் தோட்டக் குடும்பம் உருவான கதைக்குச் செல்ல வேண்டும்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர் பெரும்பாலும் அறுவடைக்கு வந்து திரும்பிய ஆண்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்களில் வழியிலேயே மாண்டோர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். பெண்களின் கைகள் வேண்டும். அதனாலேயே குடும்பங்கள் குடியேறின. கங்காணி திரட்டி வந்த கூட்டம் பெரும்பாலும் ஒரே ஊரையும் உறவையும் சேர்ந்தது. கங்காணியிடம் பட்ட கடனும் தனி ஒருவருடன் நிற்காமல் குடும்பத்தைத் தொடர்ந்தது. அந்தக் கடனைச் சுமந்த 'துண்டு' முறை 1921இல்தான் ஒழிந்தது.

கடனைப் பகிர்ந்துகொண்டவர்கள் பிள்ளைகளையும் பகிர்ந்தே வளர்த்தனர். விடியலில் தாய் பெரட்டுக்களத்துக்குப் போகுமுன் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்வாள். சற்று வளர்ந்த பிள்ளை பக்கத்துக் காம்பராக் கிழவியின் கண்பார்வையில் இருக்கும். தாய் இறந்தால் அந்தப் பார்வை அப்படியே தொடரும். அதற்கென்று எவரும் நாள் குறிப்பதில்லை, நீதிமன்றம் போவதுமில்லை. தோட்டங்களில் செய்தி தேடிச் சென்ற காலங்களில், "இது யார் பிள்ளைம்மா?" என்று நான் கேட்டதுண்டு. "எங்க பிள்ளைதாங்கய்யா" என்பதே பதிலாக வரும். பெற்றதா வளர்த்ததா என்று அதற்கு மேல் கேட்பது அநாகரிகம் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆகவில்லை.

இந்தக் குடும்பத்தை அரசுகள் பலமுறை வெட்டிப் பார்த்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றது. மலைநாட்டிலிருந்து தலைமன்னார்த் துறைக்கு மக்களைச் சுமந்து சென்ற புகையிரதத்துக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வந்தது. அண்ணன் போனான், தம்பி நின்றான். கடவுச்சீட்டில் பெயர் உள்ளவரே குடும்பம் என்றது அரசு. ஒரே அடுப்பில் உண்டவரே குடும்பம் என்றது லயம்.

1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது இன்னொரு கதவும் திறந்தது. "எங்க பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வோம்" என்ற வாக்குறுதியோடு மலையகச் சிறுவர் சிறுமியர் கொழும்புக்கும் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களில் எத்தனையோ பேருக்கு வாய்த்தது அடுப்படியும் விளக்குமாறும்தான். நம் சமூகம் இதை இன்னும் மனம் திறந்து பேசவில்லை. 'வளர்ப்பு' என்ற சொல்லுக்குள் வேலைக்காரப் பிள்ளையை ஒளித்து வைத்தவர்களில் தமிழரும் உண்டு.

அடுத்து வந்தது வெளிநாட்டுத் தத்தெடுப்பு. பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம் 1941ஆம் ஆண்டிலேயே, 24ஆம் இலக்கச் சட்டமாக வந்துவிட்டது. ஆனால் எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் அது ஐரோப்பாவுக்குக் குழந்தைகளை அனுப்பும் வாயிலாக மாறியது. ஏறத்தாழ 11,000 குழந்தைகள் இவ்வாறு சென்றிருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. நெதர்லாந்து, சுவீடன், ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, பிரித்தானியா எனப் பல நாடுகளில் அவர்கள் வளர்ந்தனர். பொய்ப் பிறப்புச் சான்றிதழ்கள், பெற்ற தாயாக நடிக்க வைக்கப்பட்ட பெண்கள், தரகர்கள் என அதன் இருண்ட பக்கத்தை 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் 'செம்ப்ளா' நிகழ்ச்சி வெளிக்கொணர்ந்தது. முறைகேடுகள் நடந்தன என்பதை அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன ஏற்றுக்கொண்டார். 2020 டிசெம்பரில் சுவிஸ் அரசு தன் நாட்டு அதிகாரிகளின் தவறுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்புகளை இடைநிறுத்தியது. தங்கள் தாய்மாரைத் தேடி இன்று இலங்கை வரும் நடுவயதினருள் சிலர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்து நிற்கின்றனர். அவர்களில் பலர் அநாதைகளாக இருந்ததே இல்லை. வறுமையில் வாடிய ஒரு தாய் அவர்களுக்கு இருந்தாள்.

சட்டம் தாமதமாகவே விழித்தது. 1992ஆம் ஆண்டின் திருத்தம் வெளிநாட்டவருக்குப் பிள்ளை வழங்கும் அதிகாரத்தை நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு ஆணையாளரின் கைக்குள் கொண்டுவந்தது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்குரிய ஹேக் உடன்படிக்கை 1995 மே முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, அதில் கட்டுப்பட்ட முதல் மூன்று நாடுகள் மெக்சிக்கோ, ருமேனியா, இலங்கை. பட்டறிவு பெற்றோரின் வரிசை என்று அதைச் சொல்லலாம். சுனாமிக்குப் பின், 2005இல், பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பராமரிப்புக்குத் தனிச் சட்டம் ஒன்றே இயற்றப்பட்டது.

இத்தனையும் நடந்து முடிந்த நாட்டில்தான் மீரியபெத்தையின் '75 அநாதைகள்' என்ற செய்தி பிறந்தது. அதன் பிறகு அந்த ஆண்டு எவ்வாறு நகர்ந்தது?

பிழைத்தவர்கள் முதலில் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் இருந்த தமிழ்ப் பாடசாலைகளில் தங்கினர். பிள்ளைகள் படித்த வகுப்பறைகளே குடும்பங்கள் உறங்கும் இடமாயின. டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை. புத்தகம், சீருடை, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை அனைத்தும் மண்ணுக்குள் கிடந்தன. டிசெம்பர் கடைசியில் பதுளை மாவட்டத்தில் மீண்டும் பெருமழை, மீண்டும் மண்சரிவுகள். 2015 ஜனவரி 8இல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது, ஆட்சி மாறியது. ஒரு வாரம் கழித்துத் தைப்பொங்கல். ஆகஸ்ட் 17இல் பொதுத் தேர்தல். வாக்குறுதி கொடுத்தவர்கள் மாறினர். வாக்குறுதி மாறவில்லை, வீடும் வரவில்லை. பூனாகலைப் பகுதியில் இயங்காமற்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் குடும்பங்கள் தடுப்புகளிட்டு வாழ்ந்தன. 2015 நவம்பர் 10இல் வந்த அடுத்த தீபாவளியும் அவர்களுக்கு அங்கேயே கழிந்தது. 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர்.

அந்தக் காலம் முழுவதும் பிள்ளைகளை முதலில் தாங்கியது உறவுதான். பாட்டியும் சித்தியும் மாமனும் அயலாரும், தாங்களே வீடிழந்து நின்ற நிலையில், இன்னொரு வாய்க்கும் சோறு வைத்தனர். அதை எந்த நீதிமன்றமும் கட்டளையிடவில்லை. ஒரு தோட்டமே ஒரு பெரிய வளர்ப்புக் குடும்பமாக இருந்தது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் இதைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அவ்வாறு செய்வது நியாயமுமல்ல. ஏட்டில் ஏறாத அன்புக்கு ஒரு விலை உண்டு. உடல் கிடைக்காத தாய்க்கு மரணச் சான்றிதழ் பெறுவது எளிதல்ல. அது இல்லாவிட்டால் நட்டஈடு, சேமலாப நிதி, வங்கிப் பணம் எதையும் பிள்ளையின் பெயரில் பெற முடியாது. எடுத்து வளர்த்தவள் சட்டத்தின் கண்ணில் பாதுகாவலர் அல்லள். பாடசாலை அனுமதியிலிருந்து அடையாள அட்டை வரை ஒவ்வொரு படிவத்திலும் 'உறவுமுறை' என்ற கட்டத்தின் முன் அவள் திகைத்து நிற்கிறாள். தோட்டப்புறங்களில் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வளர்ந்து, பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்கும்போதுதான் தாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பதை அறிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். மகவேற்பு அவர்களைத் தாயிடமிருந்து பிரிக்கும் கருவியாகவே வந்தது. வளர்த்தவளோடு சேர்த்துவைக்கும் கருவியாக வரவில்லை. அந்தச் சட்டத்துக்கு அந்தப் பயனும் உண்டு என்பதை எடுத்துச் சொல்ல மலையகத்தில் ஆளில்லாமற் போனதே துயரம்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் பலர் இவ்வாறான அனர்த்தங்களின்போது உதவ விரும்புகின்றனர், "ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுக்கலாமா?" என்று கேட்கின்றனர். அவர்களுக்கு நான் சொல்வது இது: இலங்கையில் சிறுவர் இல்லங்களில் வாழ்வோரில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார், அவர்களை அங்கே சேர்த்தது வறுமை. ஆகவே பிள்ளையைத் தேடுமுன், அதை வளர்க்கும் கிழவியைத் தேடுங்கள். அவளுக்கு மாதாமாதம் அரிசிக்கும் பாடப் புத்தகத்துக்கும் வழி செய்யுங்கள். பிரதேச செயலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அவளோடு நடந்துபோக ஒருவரை அமர்த்துங்கள்.

அரசுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கமானது. 2023 மார்ச் 19இல் பூனாகலை, கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது. லயங்கள் மீண்டும் புதைந்தன. குடும்பங்கள் மீண்டும் முகாமுக்குப் போயின. அதே ஆண்டில்தான் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவதை நினைவுகூர்ந்து மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தனர். இருநூறு ஆண்டுகளாகப் பிறர் பிள்ளையையும் தன் பிள்ளையாக வளர்த்துவரும் ஒரு சமூகத்துக்குத் தேவைப்படுவது, சரியாத நிலத்தில், தன் பெயரில் உறுதி எழுதப்பட்ட ஒரு துண்டுக் காணி. அதைக் கொடுத்தால் பிள்ளைகளை அவர்கள் பார்த்துக்கொள்வர்.