வில்லும் பெருவிரலும்

வில் என்றவுடன் நம் இளைஞர்களின் நினைவுக்கு வருபவர்கள் இராமனும் அருச்சுனனுமே. தென்காசி வட்டாரத்தில் கோயில் கொடை நாட்களில் ஒலிக்கும் வில்லுப்பாட்டும் நினைவுக்கு வரலாம். ஆனால் வில்லை ஏந்திய கை அதனை எவ்வாறு பற்றியது, நாணை எந்த விரல் இழுத்தது என்று நாம் கேட்பதில்லை. கேள்வி சிறியதுதான். எனினும் நம் சமுதாயம் அறிய வேண்டிய வரலாறு ஒன்று அதனுள் அடங்கியிருக்கிறது. கல்விக்காகத் தோன்றிய ஒரு கழகத்தின் வெள்ளி விழா மலரில் அதனை எடுத்துரைப்பது பொருத்தமே எனக் கருதுகிறோம்.

தமிழகத்தில் வில்லின் வரலாறு மிகப் பழமையானது. சேரரின் இலச்சினை வில்லாகும். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை வீழ்த்திய திறத்தை வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். நமக்கு அண்மையிலுள்ள பொதிய மலையை ஆண்டவன் ஆய் அண்டிரன். மலையிலும் காட்டிலும் வாழ்ந்த மக்களுக்கு வில் போர்க்கருவியாக மட்டும் இருக்கவில்லை. அன்றாட உணவைத் தேடித் தரும் கருவியாகவும் இருந்தது.

வில் செய்யும் பொருள்களைக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் வகைப்படுத்துகிறது. பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகியவை வில்லுக்கும், எருக்க நார், சணல், மூங்கில் நார், விலங்கின் நரம்பு முதலியவை நாணுக்கும் உரியவை என்கிறது அந்நூல். பனையும் மூங்கிலும் எருக்கும் நம் ஊர்ப்புறத்தில் கண்ணெதிரே நிற்பவை. வில்லாளியின் முன்கையைக் காக்கும் தோற்கட்டும், அம்புகளைச் சுமக்கும் தோல் தூணியும் தோற்பணி அறிந்தவர்களின் கைவேலைகள். வில்லாளியின் பெயரைப் பாட்டில் வைத்த நாடு, அவற்றைச் செய்து கொடுத்தவனின் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை.

இனி, வில்லைப் பற்றும் முறைக்கு வருவோம். வலக்கைப் பழக்கமுடையவர் வில்லின் நடுப்பகுதியை இடக்கையால் பற்றுவர். பழகாதவர் அதனைக் கம்பத்தைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடிப்பார். அவ்வாறு இறுக்கினால் மணிக்கட்டு திருகும். வில்லும் உடன் திரும்பும். அம்பு குறி தவறும். வில்லின் அழுத்தம் பெருவிரலின் அடிச்சதையில் விழ வேண்டும். ஏனைய விரல்கள் வில் நழுவாத அளவுக்குத் தளர்வாக வளைந்திருந்தால் போதும். முழங்கையைச் சற்றே வெளிப்புறம் திருப்பினால், விடுபட்ட நாண் முன்கையில் அடிக்காது. வில்லை நிறுத்துவது கைப்பிடியின் இறுக்கம் அன்று. தோளிலிருந்து வரும் உந்துதலே.

நாணை இழுக்கும் வலக்கையின் முறைகளுள் இரண்டு சிறப்பானவை. ஐரோப்பாவில் பரவிய முறையில் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றும் நாணை இழுக்கும். அம்பு வில்லின் இடப்புறம் அமரும். இன்றைய ஒலிம்பிக் வில்வித்தை பெரும்பாலும் இம்முறையைச் சார்ந்தது. ஆசியாவில் பரவலாக இருந்தது மற்றொரு முறை. அதில் பெருவிரல் நாணைச் சுற்றி வளைந்து பற்றும். சுட்டுவிரல் அதன்மேல் படிந்து பூட்டுப்போல் அமையும். அம்பு வில்லின் வலப்புறம் அமரும். நாண் பெருவிரலை அறுக்காமலிருக்கக் கொம்பு, கல், உலோகம் ஆகியவற்றால் செய்த வளையங்களை அணிவர். வசிட்டர் பெயரால் வழங்கும் தனுர்வேத நூல் நாண் பிடிக்கும் முறைகளைப் பதாகை, வச்சிரமுட்டி, சிம்மகர்ணி, மத்சரி, காகதுண்டி என ஐந்தாகக் கூறுகிறது.

இதனை அறிந்த பின்னரே ஏகலைவன் கதையின் முழுப்பொருள் விளங்கும். நிஷாதர் தலைவனின் மகனான அவனைத் துரோணர் மாணவனாக ஏற்கவில்லை. அவன் மண்ணால் ஆசிரியர் உருவம் செய்து, தானே பயின்றான். குரைத்த நாயின் வாயை ஏழு அம்புகளால் அடைத்த அவன் திறம் வெளிப்பட்டபோது, துரோணர் அவனது வலக்கைப் பெருவிரலைக் காணிக்கையாகக் கேட்டார். ஏன் பெருவிரல்? நாணை இழுப்பதும் பூட்டுவதும் விடுவிப்பதும் அதன் தொழில். பின்னர் அவன் எஞ்சிய விரல்களால் எய்தான் என்றும், முன்னிருந்த விரைவு இல்லாமற் போயிற்று என்றும் மகாபாரதமே சொல்கிறது. கேட்டவர் கலையின் நுட்பம் அறிந்தே கேட்டார்.

இது இதிகாசக் கதை. நடந்த நிகழ்ச்சி என்று நாம் வாதிட வேண்டுவதில்லை. ஆனால் ஒரு கதை, அதனைச் சொல்லி வந்த சமூகத்தின் மனத்தைக் காட்டும். அக்கினி புராணத்தின் தனுர்வேதப் பகுதி, இரு வருணத்தாருக்கு அந்தணரே ஆசிரியர் என்கிறது. சூத்திரர் ஆபத்துக் காலத்தில் தாமே பயின்று போரிடலாம் என்று மட்டும் இசைகிறது. அதாவது, உயிரைக் கொடுக்க அழைப்பு உண்டு. கற்றுக்கொள்ள இடம் இல்லை. வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

தென்காசி விசுவநாதர் கோயில் 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியனால் எழுப்பப்பட்டது. அங்குள்ள மன்மதன் சிலையையும், கிருஷ்ணபுரம் கோயிலிலுள்ள கர்ணன், அருச்சுனன் சிலைகளையும் நம் இளைஞர்கள் சென்று காண வேண்டும். விரல்களின் வளைவைக்கூடக் கல்லில் காட்ட வல்ல சிற்பிகளின் படைப்புகள் அவை. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறிய பின்னரே இத்தகைய காட்சிகள் நம் மக்களுக்குச் சட்டப்படி உரிமையாயின என்பதையும் அவர்கள் மறத்தலாகாது.

துப்பாக்கி வந்ததும் போர்க்களத்தில் வில்லின் காலம் முடிந்தது. இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த நெற்கட்டும்செவலில் பூலித்தேவன் ஆங்கிலேயரையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்த காலத்தில், அவர் படையில் நின்ற ஒண்டிவீரனும் வெண்ணிக் காலாடியும் நம் மக்கள் பெருமையோடு போற்றும் பெயர்கள். ஒண்டிவீரனுக்கு 2022இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது. பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்டதும், 1801 டிசம்பரில் வெளியான அறிவிக்கை தென்மாவட்ட மக்களின் ஆயுதங்களைப் பறித்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டில் வேட்டையாடும் உரிமையைக் குறுக்கியது.

வில் போயிற்று, பெருவிரல் எஞ்சியது. அதற்கு நேர்ந்தது என்ன? எழுத்தறியாமையால் அது மையில் தோய்ந்தது. கடன் பத்திரத்திலும் நில ஆவணத்திலும் படித்துப் பார்க்க இயலாமல் நம் முன்னோர் வைத்த கைநாட்டுகள் எத்தனை! ஒடுக்கப்பட்டோருக்கென 1892இல் அரசு ஆணையிட்டு வழங்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் பல, பிறர் கைக்குப் போன கதையை நாடறியும். ஏகலைவனின் விரலை ஒருவர் கேட்டுப் பெற்றார். நம் முன்னோரின் விரலோ கையிலேயே இருந்தும் பயனற்றதாக்கப்பட்டது.

இன்று நிலை மாறி வருகிறது. இராசத்தான் பழங்குடி இளைஞர் லிம்பா ராம் 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக வில்லேந்தினார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான இராஞ்சியைச் சேர்ந்த தீபிகா குமாரி, 2010இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் இரு தங்கப் பதக்கங்களை வென்றார். கற்பிப்பார் இருந்தால் கை எதையும் கற்கும் என்பதற்கு இவர்களே சான்று.

இளைஞர்களே! எழுதுகோலைப் பற்றுவதும் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும்தாம். அதனையும் இறுக்கிப் பிடித்தால் எழுத்து கோணும். தளர்வாக, உறுதியாக, நாள்தோறும் பழகினால் கை தேறும். ஏகலைவன் ஆசிரியரின்றிக் கற்றான். உங்களுக்குப் பள்ளியும் ஆசிரியரும், உங்கள் பின்னால் நிற்கும் கழகமும் உண்டு. உங்கள் பெருவிரலை எவரும் காணிக்கையாகக் கேட்க முடியாது, கேட்டாலும் கொடாதீர்கள்.