தியான் சந்த்: கதையும் வரலாறும்

புகழ்மிக்கோர் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு முதல் இடையூறாக அமைவன அவர்களைப்பற்றி வழங்கும் கதைகளே. ஹொக்கி ஆட்டத்தின் தலைசிறந்த முன்வரிசை வீரரெனப் பலராலும் மதிக்கப்படும் தியான் சந்த் இதற்குத் தக்க சான்றாவார். அவரது மட்டையுள் காந்தம் இருப்பதாக ஐயுற்று அதனை உடைத்துப் பார்த்தனர் என்பர். ஹிட்லர் அவரை அழைத்துத் தமது படையிற் பதவி தருவதாகக் கூறினார் என்பர். இவை அக்காலச் சான்றுகளால் நிறுவப்பட்டவை அல்ல. 'மாயவித்தைக்காரர்' என்னும் பட்டமும் இவ்வினத்தைச் சார்ந்ததே. மாயமெனக் கூறிவிட்டால் உழைப்பைப்பற்றிப் பேசவேண்டிய தேவை எழாதன்றோ?

அவர் 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் நாள் அலகாபாத்திற் பிறந்தார். தந்தையாரும் படைவீரரே. 1922இல் முதலாம் பிராமணப் படைப்பிரிவிற் சிப்பாயாகச் சேரும்வரை ஹொக்கியில் அவருக்குப் பெருநாட்டம் இருந்ததில்லை. அங்கு சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பார் அவரைப் பயிற்றுவித்தார். நான்கு ஆண்டுகளில், 1926இல், இந்தியப் படையணியுடன் நியூசீலாந்து சென்றார். அப்பயணத்தில் அவ்வணி 21 ஆட்டங்களில் 18இல் வெற்றி கண்டது. மீண்டுவந்த சிப்பாய்க்குக் கிடைத்த உயர்வு லான்ஸ் நாயக் என்னும் சிறுபதவியே.

1928இல் அம்ஸ்ரடாமில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல்களைப் போட்டது. எதிரணிகள் ஒன்றேனும் போடவில்லை. அவற்றுள் 14 தியான் சந்துடையவை. அணித்தலைவராகச் சென்ற ஜெய்பால் சிங் ஒக்ஸ்போட்டிற் கல்விகற்றவர். தியான் சந்தோ விடுமுறை பெறுதற்கும் மேலதிகாரியின் இசைவை எதிர்நோக்கும் நிலையினர். அடுத்த ஒலிம்பிக்கிற்கான தேர்வாட்டங்களில் விளையாட அவருக்கு விடுமுறை மறுக்கப்பட்டது. ஆயினும், தேர்வின்றியே அவரை அணியிற் சேர்த்தனர்.

1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் வழியில் அவ்வணி கொழும்பிலும் ஆடியது. இலங்கையணிக்கெதிராக ஓர் ஆட்டத்தில் 20 கோல்கள் போட்டது. ஒலிம்பிக்கில் ஐக்கிய அமெரிக்காவை 24-1 என வென்றதைப் பலரும் வியந்துரைப்பர். ஆனால் அவ்வாண்டு ஹொக்கியிற் பங்குபற்றியவை மூன்றே நாடுகள் என்பதனையும் நினைத்தல் வேண்டும். கோற்றொகை மட்டும் திறமைக்கு அளவுகோலாகாது. அவ்வாட்டத்தில் தியான் சந்த் 8 கோல்கள் போட, அவர்தம் இளவல் ரூப் சிங் 10 போட்டார். நடு முன்வரிசையில் நின்ற தமையனிலும் அவரருகில் ஆடிய தம்பி மிகுதியாகப் போட்டமை கருதத்தக்கது. பந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாது, வாய்ப்புள்ள இடத்தில் நிற்பவருக்கு உரிய கணத்தில் தள்ளிவிடுதலே தியான் சந்தின் ஆட்டத்தின் உயிர்நிலை. இதனை மாயமென்பது பொருந்தாது.

1936இல் பேர்லினுக்கு அவரே அணித்தலைவராகச் சென்றார். சென்றதும் நிகழ்ந்த பயிற்சியாட்டத்தில் ஜேர்மனி 4-1 என இந்தியாவை வென்றது. கலக்கமுற்ற இந்தியர் தாரா என்னும் முன்வரிசை வீரரைத் தாயகத்திலிருந்து வானூர்தி வழியாக வரவழைத்தனர். இறுதியாட்டம் மழையால் ஒருநாள் பிற்போடப்பட்டு, ஓகஸ்ட் 15இல் நிகழ்ந்தது. ஆட்டத்தின் முன் உடைமாற்றும் அறையிற் பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். பிரித்தானியக் கொடியின்கீழ் ஆடவந்தோர் அதற்கு வணக்கஞ் செலுத்தினர்; அவருட் பிரித்தானியப் பேரரசின் ஊதியம்பெற்ற சிப்பாயும் ஒருவர். காந்தக் கதையை அறிந்தோர் பலர். இந்நிகழ்ச்சியை அறிந்தோர் சிலரே. இடைவேளையின்போது இந்தியா ஒரு கோலால் மட்டுமே முன்னணியில் நின்றது. பின்னர் ஏழு கோல்கள் விழுந்தன, முடிவு 8-1. அவ்வெட்டில் தலைவர் போட்டவை மூன்று எனச் சில நூல்களும், ஆறு எனச் சில நூல்களும் கூறும். மூன்றேயாயினும் அவர் பெருமை குன்றாது.

உலகப் போர்க்காலமாகிய 1943இலேயே அவர் அதிகாரி நிலையை எய்தினார். மூன்று ஒலிம்பிக் தங்கப்பதக்கங்கள் பெற்றவருக்கு இது மிகத் தாமதமான உயர்வே. 1952இல் 'கோல்' என்னும் அவரது தன்வரலாறு சென்னையிலிருந்து வெளிவந்தது. 1956இல் மேஜராக ஓய்வுபெற்றார். அவ்வாண்டிலேயே பத்மபூஷண் விருதும் கிடைத்தது. 1979 டிசம்பர் 3ஆம் நாள் தில்லி மருத்துவமனையிற் காலமானார். அவருடலை ஜான்சிக்குக் கொண்டுசென்று, ஹொக்கித் திடலொன்றிலேயே எரியூட்டினர்.